கசப்பு எப்போது பிறக்கிறது?

ஈப்போவிலிருந்து தம்புன் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரத்தில், பம்பளிமாஸ் கடைகள் வரிசையாக நிற்கும். மலாய்க்காரர்கள் லிமாவ் தம்புன் என்று ஊர்ப்பெயராலேயே அழைக்கும் பழம் அது. சீனப் புத்தாண்டு நெருங்கும்போதும் மூன்கேக் திருநாளின்போதும் அங்கே வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. பழத்தின் சுவைக்கு அந்தக் கல்மலைகளின் மண்ணும் தண்ணீரும்தான் காரணம் என்று ஊரார் சொல்வார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது சுளை அல்ல, சுளையைத் தின்றபின் நாம் துப்பிவிடும் விதை. தெரியாமல் கடித்துவிட்டால் நாக்கின் அடிவரை இறங்கி, தண்ணீர் குடித்தாலும் போகாத அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வேதியியலாளர்கள் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவர்கள் கண்டதில் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பம்பளிமாஸில் இரண்டு கசப்புகள் உண்டு. சுளையை மூடியிருக்கும் தோலிலும், மேல்தோலுக்கு அடியில் விரல்கனம் இருக்கும் வெள்ளைச் சதையிலும் உள்ளது நரிஞ்சின். இதை 1857இல் ஜாவாவில் டச்சு வேதியியலாளர் டி விரை, இதே இனத்து மரத்தின் பூக்களில் கண்டார். வாயில் வைத்தவுடன் கசக்கும். சூடான தண்ணீரில் கரையும். அதனால்தான் காண்டனீசுச் சமையலில் அந்த வெள்ளைச் சதையை வேகவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, மறுபடி பிழிந்து, பின் குழம்பில் போட முடிகிறது. ஒவ்வொரு பிழிதலிலும் கொஞ்சம் நரிஞ்சின் வெளியேறுகிறது.

நரிஞ்சினின் கசப்பு அதில் ஒட்டியுள்ள இரண்டு சர்க்கரைகளின் இணைப்பைப் பொறுத்தது. குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் ராம்னோஸ் என்ற சர்க்கரை ஒட்டினால் கசப்பு. அதே ராம்னோஸ் ஆறாவது கார்பனில் ஒட்டினால் நரிருடின் என்ற வேறொரு பொருள், அதற்குச் சுவையே இல்லை. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த அமெரிக்க வேளாண்துறை ஆய்வகத்தில் ஹோரோவிட்ஸ், ஜென்டிலி என்ற இருவர் இதை ஆராய்ந்து வந்தார்கள். 1963இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. நரிஞ்சினின் நடு வளையத்தைத் திறந்து ஹைட்ரஜன் ஏற்றினால், அது சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிக்கிறது. கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு வளையம்.

விதையின் கசப்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தலைமைப் பொருள் லிமோனின், அதற்கு அடுத்தது நோமிலின். காய்ந்த விதையின் எடையில் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். நரிஞ்சின் போல இவை தண்ணீரில் எளிதில் கரையாது. விதையை இடித்து, முதலில் எண்ணெயை நீக்கி, பின் அசிட்டோனில் ஊறவைத்தால் வெண்படிகமாகப் பிரியும். அந்தப் படிகத்தை முதலில் கையில் எடுத்தவர் ஆல்பர்ட் ஜேம்ஸ் பெர்னேஸ் என்ற இளைஞர். ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக்கிடம் படித்தவர், பிற்காலத்தில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேதியியல் கற்பித்தவர். ஆரஞ்சு, எலுமிச்சை விதைகளிலிருந்து இந்தக் கசப்பைப் பிரித்து அவர் எழுதியது 1841இல் அச்சேறியது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

பெயர் கிடைத்துவிட்டது. உருவம் கிடைக்க 119 ஆண்டுகள் பிடித்தன. 26 கார்பன், 30 ஹைட்ரஜன், 8 ஆக்சிஜன் என்ற கணக்கை எழுதுவது ஒன்று, அவை ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்று அறிவது வேறு. லிமோனினில் வளையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஓரத்தில் ஃபியூரான் வளையம், இரண்டு லாக்டோன் வளையங்கள், மூன்றே அணுக்களாலான ஓர் இபாக்சைடு வளையம், இன்னும் சில. எந்த முனையில் வெட்டினாலும் மூலக்கூறு தன்னைத்தானே மாற்றி அமைத்துக்கொண்டு ஆராய்பவரை ஏமாற்றும். 1960இல் சூரிக்கின் ஆரிகோனியும் யேகரும், இலண்டனின் பார்ட்டனும், அமெரிக்காவின் கோரியும் தத்தம் குழுக்களின் கண்டுபிடிப்புகளை ஒன்றுசேர்த்து ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு கிளாஸ்கோவில் ராபர்ட்சனின் குழு, லிமோனினிலிருந்து செய்த படிகம் ஒன்றில் அயோடின் அணுவைச் சேர்த்து, எக்ஸ்-கதிரால் அதே உருவத்தை உறுதி செய்தது. பார்ட்டனுக்கு 1969இலும் கோரிக்கு 1990இலும் வேறு பணிகளுக்காக நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து இழுத்த தேர் இது.

உருவம் தெரிவதற்கு முன்பே ஒரு புதிர் பழச்சாறு வணிகர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் நேவல் ஆரஞ்சு, தொப்புள் போன்ற முனையுடைய பழம், இன்று நம் ஊர்ச் சந்தைகளிலும் கிடைப்பது. அதை உரித்துத் தின்றால் தித்திக்கும். பிழிந்தவுடன் குடித்தாலும் தித்திக்கும். பிழிந்து சில மணிநேரம் வைத்தாலோ, சூடாக்கினாலோ கசந்துவிடும். 1938இல் ஹிக்பி என்பவர் அந்தக் கசப்பு லிமோனின்தான் என்று காட்டினார். நேவல் ஆரஞ்சில் விதையே கிடையாது. விதையில்லாத பழத்தில் விதையின் கசப்பு எப்படி வந்தது? அதுவும் பிழிந்தபின் மெதுவாக ஏன் வந்தது?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாசடீனாவில் மேயரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் உழைத்து விடையைக் கண்டார்கள். முழுப் பழத்தின் சதையில் லிமோனின் இல்லை. இருப்பது அதன் முன்னோடி. லிமோனினில் இரண்டு லாக்டோன் வளையங்கள் உண்டு என்றேன் அல்லவா? முன்னோடியில் அவற்றில் ஒன்று மட்டும் மூடியிருக்கிறது, மற்றது திறந்து கிடக்கிறது. திறந்திருக்கும்வரை நாக்குக்கு எதுவும் தெரியாது. அந்தப் பொருள் உயிரணுவில் புளிப்பில்லாத பகுதியில் தங்கியிருக்கிறது. புளிப்புச் சாறு தனிப் பைகளில் அடைபட்டிருக்கிறது. பிழியும்போது சுவர்கள் உடைகின்றன, அமிலம் வந்து கலக்கிறது. அமிலத்தில், விதையிலும் சதையிலும் உள்ள ஒரு நொதியின் துணையோடு, திறந்த வளையம் மூடிக்கொள்கிறது. வளையம் மூடிய கணத்தில் அது லிமோனின், கசப்பு. அந்த நொதியை 1969இல் மேயரும் ஹசேகாவாவும் ஆரஞ்சு விதைகளிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 6 மில்லிகிராம் லிமோனின் சேர்ந்தாலே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். நாக்குக் கூர்மையானவர்களுக்கு அதைவிட மிகக் குறைவே போதும்.

எலுமிச்சையைத் தோலும் விதையுமாக மிக்சியில் அரைத்து, வடிகட்டி, மதியத்துக்கு என்று வைத்துவிட்டு வெயிலில் வந்து குடித்தவர்களுக்கு இது புரியும். காலையில் நன்றாக இருந்த சாறு கெட்டுப்போகவில்லை. விதையிலிருந்து வந்ததும் சதையில் வளையம் மூடியதும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. விதையை எடுத்துவிட்டுப் பிழிந்து, உடனே குடி என்று வீடுகளில் சொல்லிவந்தது சரியான வேதியியல்.

அப்படியானால் நன்றாகப் பழுத்த பழம் ஏன் பிழிந்தபின்னும் கசப்பதில்லை? சீசன் தொடக்கத்தில் பறித்த நேவல் ஆரஞ்சு அதிகம் கசக்கும், கடைசியில் பறித்தது கசக்காது. இந்த மர்மத்தையும் பாசடீனாவில் ஷின் ஹசேகாவாவின் குழுதான் அவிழ்த்தது. பழம் முதிரும்போது, திறந்த வளையம் மூடவேண்டிய அதே இடத்தில், பதினேழாவது கார்பனில், ஒரு நொதி குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு அமிலம் சேர்ந்தாலும் வளையம் மூட முடியாது. மரம் கசப்பை அழிக்கவில்லை. அதன் வழியில் சர்க்கரையை நிறுத்தி வைத்திருக்கிறது. 1989இல் அந்தக் குழு கடைகளில் விற்கும் சாறுகளை அளந்தபோது, ஆரஞ்சுச் சாற்றில் லிட்டருக்குச் சராசரியாக 320 மில்லிகிராம் அளவுக்கு இந்தச் சர்க்கரை ஒட்டிய, சுவையற்ற வடிவங்கள் இருந்தன. முகத்தைச் சுளிக்க வைக்க 6 மில்லிகிராம் போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் இனிப்பு என்று குடிக்கும் ஒவ்வொரு கோப்பையிலும் எவ்வளவு கசப்பு தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

விதையில் மட்டும் இந்த ஏற்பாடு முழுமையாவதில்லை. அங்கே சர்க்கரை ஒட்டிய வடிவமும் சேர்கிறது, வளையம் மூடிய லிமோனினும் அப்படியே தங்குகிறது. பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடும் விலங்குக்குச் சதை இனிக்க வேண்டும், விதையையே மென்று தின்னும் விலங்குக்கு அது கசக்க வேண்டும். மரத்தின் நலனோடு இந்தப் பங்கீடு மிகவும் பொருந்துகிறது.

இனி பால்மரத்துக்கு வருகிறேன். பேராக்கின் அரச நகரமான கோலகங்சாரில் 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ தன் மாளிகைத் தோட்டத்தில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் நகரில் நிற்கிறது. அதற்குப்பின் சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பேங் எனக் கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றிலும் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடிச் சீவியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்களுடைய கத்தி எங்கே வெட்டவேண்டும் என்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் அதிகமானால் மரத்தில் காயம் பட்டுவிடும், கங்காணி சத்தம் போடுவார். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், இலையில் உண்டான உணவு கீழிறங்கும் புளோயம் என்ற மெல்லிய திசுவில் இருக்கின்றன. அந்தத் திசுவைத் தொட்டு, அதற்குள்ளிருக்கும் மரத்தைத் தொடாமல் நிறுத்துவதுதான் பால்வெட்டின் திறமை.

ஆரஞ்சு இனத்து மரங்களில் நோமிலின் உண்டாகும் இடம் எது என்று ஹசேகாவாவின் குழு கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களைக் கொடுத்துத் தேடியபோது, தண்டின் புளோயம் பகுதிதான் என்று தெரிந்தது. அங்கே பிறந்த நோமிலின் இலைக்கும் காய்க்கும் விதைக்கும் நகர்ந்து, போகும் இடத்தில் படிப்படியாக லிமோனினாக மாறுகிறது. பால்மரத்தில் ரப்பர் பிறக்கும் திசுவும் பம்பளிமாஸ் மரத்தில் கசப்பு பிறக்கும் திசுவும் ஒன்றே.

இடத்தில் மட்டுமல்ல, மூலப்பொருளிலும் இந்த உறவு உண்டு. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கி வடித்து, ஐந்து கார்பன் கொண்ட ஒரு நீர்மத்தைப் பெற்று அதற்கு ஐசோபிரீன் என்று பெயரிட்டார். ரப்பர் என்பது இந்த ஐந்து கார்பன் அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. லிமோனினும் அதே செங்கல்லால் கட்டியதுதான். மூன்று அலகுகள் சேர்ந்து பதினைந்து கார்பன், அப்படி இரண்டு சேர்ந்து முப்பது கார்பன் கொண்ட ஸ்குவாலீன். அது மடங்கி வளையங்களாகி, பின் நான்கு கார்பன்களை இழந்து, எஞ்சிய இருபத்தாறில் நிற்பதே லிமோனின். பதினைந்து கார்பன் கட்டம்வரை இரண்டு மரங்களும் ஒரே பாதையில் நடக்கின்றன. அதன்பின் பால்மரம் அலகின்மேல் அலகாகச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகிறது. ஆரஞ்சு மரமோ மடித்து, சுருட்டி, ஆக்சிஜனைச் செருகுகிறது. இந்த ஐந்து கார்பன் விதியை இயற்கைப் பொருள்களுக்கெல்லாம் பொதுவாக வகுத்துச் சொன்னவர் சூரிக்கின் ருசிக்கா. லிமோனினின் உருவத்தைக் கண்ட யேகரும் ஆரிகோனியும் அவருடைய பள்ளியில் வளர்ந்தவர்கள். இந்த விதி கையில் இல்லாதிருந்தால், அத்தனை வளையங்களுக்குள் முப்பது கார்பன் மூதாதையின் சாயலை அவர்கள் அடையாளம் கண்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

தோட்டத்தில் மூன்றாவதாக ஒரு மரமும் உண்டு. லயத்துக்கு அப்பால் மாரியம்மன் கோவில் எழுந்த இடங்களில் எல்லாம் வேப்பங்கன்றும் வந்து சேர்ந்தது. அம்மை போட்டால் படுக்கையில் இலை, திருவிழாவில் கரகத்தில் இலை. வேம்பும் ஆரஞ்சும் தாவரவியலில் அடுத்தடுத்த குடும்பங்கள், இரண்டின் கசப்பும் ஒரே வகை. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தார். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மோர்கனும் அசாடிராக்டினைப் பிரித்தார்கள். பாலைவன வெட்டுக்கிளி அதன் சிறு தடம் பட்ட இலையைக்கூடத் தொடாது. டெல்லியில் பிரதான் என்ற பூச்சியியலாளர் 1962இலேயே வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்து வெட்டுக்கிளியைத் தடுத்துக் காட்டியிருந்தார். லிமோனினும் நோமிலினும் பூச்சிகளைத் தடுக்கும், ஆனால் வேம்பின் வலிமை அவற்றுக்கு இல்லை. வேம்பு அதே முப்பது கார்பன் கட்டிடத்தை எடுத்து மேலும் உடைத்து, மேலும் ஆக்சிஜன் ஏற்றி, பதினாறு ஆக்சிஜன் கொண்ட ஒன்றாக மாற்றிவிடுகிறது. அதை ஆய்வகத்தில் முழுமையாகக் கட்டிமுடிக்க ஸ்டீவன் லே குழுவுக்கு 2007வரை ஆயிற்று.

மரம் இதை எந்த நொதிகளால் செய்கிறது என்பது அண்மையில்தான் பெரிதும் விளங்கியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டிலும் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்திலும் இருந்த குழுக்கள், ஆரஞ்சு இனத்திலும் வேம்பின் உறவான மலைவேம்பு இனத்திலும் 22 நொதிகளைக் கண்டறிந்து 2023இல் வெளியிட்டன. அந்த நொதிகளின் மரபணுக்களைப் புகையிலை இனச் செடியின் இலையில் செலுத்தி, இந்தக் குடும்பத்துப் பொருள்களை அங்கே உண்டாக்கியும் காட்டினார்கள். இரண்டு குடும்பங்களிலும் தொடக்கப் படிகள் ஒன்றே என்பது அதில் உறுதியானது. தோட்டத்துக் கோவில் மரமும் தம்புன் சாலைப் பழமும் பிரிவதற்கு முன்பே, இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை இந்தக் கசப்பைச் செய்யத் தொடங்கியிருக்க வேண்டும்.

கசப்பு என்றால் மருந்து என்று நம் மனம் உடனே தாவும். இங்கே நிதானம் வேண்டும். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் லாம் என்பவரின் குழு, நோமிலின் கொடுத்த சுண்டெலிகளில் இரைப்பைக் கட்டிகள் குறைந்ததைக் கண்டது. 2003இல் மானர்ஸ் குழு, சர்க்கரை ஒட்டிய லிமோனினை ஆரோக்கியமான மனிதர்களுக்குக் கொடுத்து, அது இரத்தத்தில் சேர்வதைக் காட்டியது. இவை நல்ல தொடக்கங்கள். விதையை அரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பதற்கு இவை சான்று ஆகமாட்டா. கிருமிநாசினி என்று விற்கப்படும் கிரேப்ஃபுரூட் விதைச் சாறுகளின் கதை ஓர் எச்சரிக்கை. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆறு தயாரிப்புகளைச் சோதித்தபோது ஐந்தில் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. கிருமியைக் கொன்றவை அந்த ஐந்துதான். எந்தச் சேர்க்கையும் இல்லாத ஆறாவது ஒன்றும் செய்யவில்லை. 2001இல் அமெரிக்க வேளாண்துறையும் கடைத் தயாரிப்புகளில் அதே வேதிப்பொருளைக் கண்டது.

இன்னொரு எச்சரிக்கை நம் வீடுகளில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு. கனடாவின் டேவிட் பெய்லி 1980களின் இறுதியில் கிரேப்ஃபுரூட் சாறு சில இரத்த அழுத்த மருந்துகளின் அளவை உடலில் ஏற்றிவிடுவதைத் தற்செயலாகக் கண்டார். முதலில் சந்தேகம் நரிஞ்சின்மேல் விழுந்தது. பின்னர் ஃபியூரானோகூமரின் என்ற வேறொரு குழுப் பொருள்கள் குடலில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்குகின்றன என்று தெரிந்தது. பம்பளிமாஸ் கிரேப்ஃபுரூட்டின் தாய்வழி இனம், அதிலும் இந்தப் பொருள்கள் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டேட்டின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் சீசனில் தினம் ஒரு பழம் என்று இறங்குவதற்கு முன் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுக்கொள்ள வேண்டும். கசப்பில்லாத பழம் என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு எரிமலையும் காற்றாலையும் செய்து கொண்டுபோவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு இதையும் கொடுக்கலாம். நேவல் ஆரஞ்சு நான்கைப் பிழிந்து மூன்று கோப்பையில் ஊற்றுங்கள். முதலாவதை உடனே சுவைத்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதை மூடிக் குளிர்பெட்டியில் இரவு வைத்துவிட்டு மறுநாள் சுவையுங்கள். மூன்றாவதைக் கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் முன்வரை சூடாக்கி, ஆறவிட்டு, அதே மறுநாள் சுவையுங்கள். வரிசை தெரியாதபடி வேறொருவர் கோப்பைகளை மாற்றி வைத்தால் இன்னும் நேர்மையான சோதனை. இடைநிலைப்பள்ளி ஆய்வகம் இருந்தால், ஆசிரியரின் மேற்பார்வையில் மெல்லடுக்குத் தட்டில் சாற்றின் சாரத்தைப் பிரித்து எர்லிக் கரைசலைத் தெளிக்கலாம். லிமோனின் குடும்பத்துப் பொருள்கள் ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகளாக எழும். இதையே சீசன் தொடக்கத்தில் வந்த பழத்திலும் கடைசியில் வந்த பழத்திலும் செய்து பார்த்தால், இடைப்பட்ட மாதங்களில் குளுக்கோஸ் செய்த வேலை நாக்கிலேயே தெரியும்.